ஜிர்பல் மொழியின் தாவரச் சொற்களைக் கற்பது எப்படி: ஒலி, வகைச்சொல், பயன் மூன்றையும் சேர்த்த முழு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் வடகிழக்குக் கரையோரமாக ஈரமான மழைக்காடு ஒன்று நீண்டு கிடக்கிறது. டல்லி, கார்ட்வெல், இன்னிஸ்ஃபெயில் ஊர்களைச் சுற்றியுள்ள ஆற்றுச் சமவெளிகளும், மேலே ஏதர்டன் மேட்டுநிலமும் அதில் அடங்கும். சுமார் 8,940 சதுர கிலோமீட்டர் பரப்பு 1988இல் உலக மரபுச் சின்னமானது. அங்குள்ள பழங்குடி மக்களின் பண்பாட்டு மதிப்புகளும் 2012இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுப் பட்டியலில் ஏற்கப்பட்டன. இந்தக் காட்டின் தெற்குப் பகுதி மொழிதான் ஜிர்பல். வடக்கே யிடிஞ், ஜபுகய், குகு யலஞ்ஜி என்று வேறு மொழிகள் வரிசையாக உள்ளன.

இந்த மொழிகளின் தாவரச் சொற்களை வெறும் பெயர்ப்பட்டியலாக மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. அந்தச் செடியை வெட்டுவது, சீவுவது, ஊறவைப்பது ஆகியவற்றுக்கான வினைச்சொற்களும், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டும் சொல்லும் சேர்ந்தால்தான் ஒரு பெயர் முழுமை அடைகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் விதைகளில் சில கடும் நச்சு. சமையல் முறை இங்கே விளக்கப்படுவது சொற்கள் புரிவதற்காக மட்டுமே. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

படி 1: எந்தக் கிளைமொழி என்று முதலில் தீர்மானியுங்கள்

ஜிர்பல் என்பது ஒரு குழுவின் பேச்சுக்குரிய பெயர். மொழியியலாளர்கள் அதையே முழு மொழிக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொண்டார்கள். ஜிர்பல், கிரமய், மமு, ஙஜன், குல்ஙய், ஜிரு ஆகியவை இதன் கிளைகள். இலக்கணம் ஏறக்குறைய ஒன்றே. சொற்கள்தான் மாறும். தண்ணீருக்கு ஜிர்பலில் ‘பன’, கிரமயில் ‘கமு’. ஙஜன் கிளை அசையின் இறுதியில் வரும் ல், ர், ழ் போன்ற மெய்களை விட்டுவிட்டு முன்னால் உள்ள உயிரை நீட்டிவிடும். ஆகவே ஒரே செடியின் பெயர் இரண்டு கிளைகளில் இரண்டு வேறு சொற்கள் போலக் காதில் விழலாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் இது. இணையத்தில் கிடைக்கும் நான்கு பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து ‘பழங்குடிச் சொற்கள்’ என்று ஒரே அட்டவணை போடுகிறார்கள். அப்படிச் சேர்த்தது யாருடைய மொழியும் ஆகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் கிளைப்பெயரை எழுதாவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியே இல்லை.

படி 2: ஒலிகளைத் தமிழ் எழுத்தில் பிடியுங்கள்

தமிழ் வாசகருக்கு இந்தப் படி ஆங்கில வாசகரைவிட எளிது. ஜிர்பலில் மெய்கள் 13, உயிர்கள் அ, இ, உ என மூன்று மட்டும். ‘ப’வும் அதன் அதிர்வொலியும் வேறு வேறு எழுத்துகள் அல்ல. தமிழில் ‘பாம்பு’ என்ற சொல்லின் இரண்டு பகரமும் வேறாக ஒலித்தும் ஒரே எழுத்தாக நிற்பதுபோல அங்கேயும் ஒன்றே. ச, ஸ, ஃப போன்ற உரசொலிகள் கிடையாது. எந்தச் சொல்லும் உயிரில் தொடங்காது. அழுத்தம் முதல் அசையில் விழும்.

எழுத்து வாரியாகக் கவனிக்க வேண்டியவை:

ஆங்கில எழுத்துமுறையில் ‘ஆர்’ இரண்டு முறை வந்தால் அது நாக்கு துடிக்கும் ர். ஒற்றை ‘ஆர்’ வந்தால் அது நம்முடைய ழ். ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து எழுதும்போது இரண்டையும் ‘ர’ என்று எழுதிவிட்டால் பொருள் வேறுபாடு அழிந்துபோகும். ‘ஆண்’ என்பதற்கான சொல் ‘யழ’. ‘யர’ என்று எழுதுவது பிழை.

ஞ், ங் இரண்டும் தனி ஒலிகள். ங் சொல்லுக்கு முதலிலும் வரும்: ‘ஙஜ’ என்றால் ‘நான்’. ஞ் சொல்லின் இறுதியில் நிற்கும். அதை ‘ன்’ ஆக்கிவிடாதீர்கள்.

ட் என்று நான் எழுதுவது நாவை மடித்துச் சொல்லும் ட அல்ல. நுனிநா மேற்பல்லின் பின்மேட்டைத் தொடும் ஒலி. ‘குட’ (நாய்) என்பதில் வருவது அதுதான்.

சொல்லின் நடுவே வரும் க-வைத் தமிழ்ப் பழக்கத்தில் மென்மையாக்கி ‘ஹ’ போல உச்சரிக்கக் கூடாது. ‘யுகு’ (மரம், கட்டை) என்பதில் உள்ள க, ‘அங்கு’ என்பதில் உள்ளதுபோல ஒலிக்க வேண்டும்.

பழைய ஆவணங்களில் எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கும். 1963இல் களப்பணி தொடங்கி 1972இல் ஜிர்பல் இலக்கணம் வெளியிட்ட மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் முதலில் பன்னாட்டு ஒலிக்குறிகளைப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் ஜகரத்துக்கு ‘டி-ஒய்’, பிறகு ‘ஜே’ என்று மாறியது. அருங்காட்சியகங்களிலும் ஊர் அறிவிப்புகளிலும் ‘உ’ ஒலிக்கு ‘ஓ’ எழுத்தை இரண்டு முறை போடும் ஆங்கிலப் பழக்கம் உண்டு. ஒரே சொல் மூன்று உருவில் வந்தால் மூன்று செடிகள் என்று எண்ணாமல், முதலில் ஒலியைத் தமிழில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

படி 3: பெயரை வகைச்சொல்லோடு சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்

ஜிர்பலில் பெயர்ச்சொல்லோடு வழக்கமாக ஒரு வகைச்சொல் சேர்ந்து வரும். நான்கு வகைகள்:

‘பயி’: ஆண்கள், கங்காரு முதலிய பெரும்பாலான விலங்குகள், பாம்பு, பெரும்பாலான மீன்கள், நிலா, வானவில். எடுத்துக்காட்டு: பயி யழ.

‘பலன்’: பெண்கள், பறவைகள், நாய், நெருப்பு, நீர், சூரியன். எடுத்துக்காட்டு: பலன் ஜுகும்பில் (பெண்), பலன் புனி (நெருப்பு).

‘பலம்’: உண்ணத்தகும் பழம், கிழங்கு, அவற்றைத் தரும் செடிகொடிகள், தேன்.

‘பல’: மீதி எல்லாம். பெரும்பாலான மரங்கள், புல், கல், மண், உடலுறுப்பு, ஓசை, மொழி. எடுத்துக்காட்டு: பல யுகு.

இவை தமிழ்க் கண்ணுக்குப் பலம், பலன், பல என்று பழகிய சொற்களாகத் தெரியும். அந்த ஒற்றுமை தற்செயல். அதில் எந்த உறவையும் தேட வேண்டாம்.

தாவரம் கற்பவருக்கு இந்த வகைச்சொல்தான் முதல் தகவல். ‘பலம்’ என்று தொடங்கினால் உணவு. ‘பல’ என்று தொடங்கினால் பெரும்பாலும் கட்டை, நார், கருவி, நிழல் தரும் மரம். ‘பலன்’ என்று வரும் செடி கவனிக்கத்தக்கது: தொட்டால் சுடும் கொட்டும் மரங்கள் இந்த வகையில் உள்ளன. நெருப்பும் அதே வகை. அந்த மரங்களில் மோசமானது டென்ட்ரோக்னைடு மொராய்டெஸ். இதய வடிவ அகன்ற இலை, முழுக்க நுண்ணிய சிலிக்கா முட்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கிம்பி’ என்ற பெயர் இந்தக் காட்டு மொழிகளிலிருந்து வந்ததல்ல. மிகத் தெற்கே பேசப்பட்ட கப்பி கப்பி மொழிச் சொல் அது. முட்களில் உள்ள நரம்பு நச்சுப் புரதங்களைக் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2020இல் இனங்கண்டார்கள். பட்ட இடத்தைத் தேய்ப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. தேய்த்தால் முள் உடைந்து உள்ளே தங்கும். முடி அகற்றும் மெழுகுப் பட்டையை ஒட்டி இழுத்து முட்களை எடுப்பதே நல்லது. வலி நின்ற பிறகும் குளிர்ந்த நீர் பட்டால் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும்.

வடக்கே யிடிஞ் மொழியில் ஏற்பாடு வேறு. அங்கே வகைச்சொல்லுக்குப் பதில் பொதுப்பெயர் ஒன்று முன்னால் வரும்: தாவர உணவுக்கு ‘மயி’, இறைச்சி உணவுக்கு ‘மிஞ’, குடிநீருக்கு ‘பன’, மனிதருக்கு ‘பம’. மலைக்கிழங்கைச் சொல்லும்போது ‘மயி ஜிமிர்’. ஜிர்பலில் தாவர உணவின் பொதுப்பெயர் ‘வுஜு’. இந்த ஐந்தாறு பொதுச்சொற்களைப் பிடித்துக்கொண்டால் ஒரு வாக்கியத்தில் சாப்பாட்டுப் பேச்சு எங்கே தொடங்குகிறது என்பது உடனே பிடிபடும்.

படி 4: ஒரு செடியை முழுமையாகப் படியுங்கள். மிரஞ் நல்ல தொடக்கம்

‘பலம் மிரஞ்’ என்பது ஆங்கிலத்தில் பிளாக் பீன் எனப்படும் பெரிய மரம். தாவரவியல் பெயர் காஸ்டனோஸ்பெர்மம் ஆஸ்ட்ரேல். செம்மஞ்சள் பூ, கனத்த கட்டைபோன்ற காய், ஒவ்வொன்றிலும் பொதுவாக 3 முதல் 5 பெரிய விதைகள். பச்சையாகத் தின்றால் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வரும். மேய்ச்சல் மாடுகளும் குதிரைகளும் இதைத் தின்று செத்திருக்கின்றன. இருந்தும் மொழி இதை ‘பலம்’ வகையில் வைத்திருக்கிறது. பக்குவப்படுத்திய பிறகு இது முக்கியமான மாவுணவு. மழைக்காட்டில் எளிதாகக் கிடைக்கும் மாவுச்சத்து குறைவு. அந்தக் குறையை நச்சு விதைகள்தான் ஈடுசெய்தன.

செய்முறை ஐந்து கட்டம்.

சேகரிப்பு. காய்கள் தாமாக விழுந்து வெடித்த பிறகு பொறுக்குவார்கள். புழு துளைத்தவை, முளைவிட்டவை ஒதுக்கப்படும்.

குழி அடுப்பு. நிலத்தில் பள்ளம் தோண்டித் தீ மூட்டிக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, மேலே விதைகளை இட்டு, காட்டு இஞ்சி போன்ற அகன்ற இலைகளால் மூடி மண் போட்டுவிடுவார்கள். பல மணி நேரம் ஆவியில் வேகும். இந்தக் கட்டம் விதையை மென்மையாக்குகிறது. நச்சு இதில் போகாது. வெந்துவிட்டது, இனி தின்னலாம் என்று நினைப்பதே உயிருக்கு ஆபத்தான தவறு.

சீவுதல். வெந்த விதையைத் தோலுரித்து, நத்தை ஓட்டின் கூரான விளிம்பால் மெல்லிய சீவலாக்குவார்கள். கத்தியின் வேலையை ஏன் நத்தை ஓடு செய்தது? வளைந்த விளிம்பில் சீவல் ஒரே மெல்லிய கனத்தில் சுருண்டு வரும். தடித்த துண்டின் நடுப்பகுதிக்கு நீர் எட்டாது, நச்சு உள்ளேயே நிற்கும். முழு முறையின் வெற்றியும் இந்த மெல்லிய சீவலில்தான் இருக்கிறது.

ஓடும் நீரில் ஊறல். சீவல்களைக் கூடையில் நிரப்பி ஓடையில் வைப்பார்கள், பல நாள். முக்கிய நச்சான காஸ்டனோஸ்பெர்மின் நீரில் கரைவது. உடலில் சர்க்கரைத் தொடர்களை வெட்டும் நொதிகளைத் தடுப்பது அதன் வேலை. ஓடும் நீர் கரைந்ததை அடித்துக்கொண்டு போகும். தேங்கிய நீரில் கரைந்தது அங்கேயே நிற்கும், விதை சுத்தமாகாது.

சுவைச் சோதனை. கசப்பு முழுக்கப் போயிற்றா என்று தெரிந்தவர் நுனிநாக்கில் வைத்துப் பார்த்த பிறகே பிசைந்து உண்பது. எத்தனை நாள் என்பது சீவலின் தடிமன், நீரின் வேகம், விதையின் முதிர்ச்சி மூன்றையும் பொறுத்தது. நாள் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் சமையற்குறிப்புகளை நம்ப வேண்டாம். இந்த முடிவைத் தலைமுறைப் பழக்கம் உள்ள நாக்குதான் எடுக்கிறது.

இப்போது வாக்கியத்துக்கு வாருங்கள்:

பலம் மிரஞ் பங்குன் ஜுகும்பிழு பபின்.

‘பெண் மிரஞ் விதையைச் சீவுகிறாள்’ என்பது பொருள். ‘பபின்’ என்றால் சீவுதல். ‘ஜுகும்பில்’ என்ற பெயர் ‘ஜுகும்பிழு’ ஆனது, செய்பவரைக் காட்டும் உருபு சேர்ந்ததால். இறுதி ல் விழுந்து ‘ழு’ வந்திருக்கிறது. ‘பங்குன்’ என்பது ‘பலன்’ என்ற வகைச்சொல்லின் செய்பவர் வடிவம். ஆண் சீவினால் ‘பங்குல் யழங்கு’ என்று மாறும். சீவப்படும் மிரஞ் எந்த உருபும் இல்லாமல் முன்னால் நிற்கிறது. தமிழில் நாம் ‘விதையை’ என்று செயப்படுபொருளுக்கு உருபு போடுகிறோம், செய்பவரை வெறுமனே விடுகிறோம். அங்கே நேர் எதிர். இதைப் புரிந்துகொள்ளாமல் முதலில் வரும் சொல்லை எழுவாயாகக் கொண்டால், விதை பெண்ணைச் சீவிவிடும்.

இதே அச்சில் மரம் வெட்டுவதையும் சொல்லலாம்: பல யுகு பங்குல் யழங்கு நுடின். ‘ஆண் மரத்தை வெட்டுகிறான்’. ஒரு வினை கற்றால் அதே வினை எந்தெந்தச் செடியோடு சேரும் என்று தேடுங்கள். சொற்கள் கொத்தாக வந்து மனத்தில் நிற்கும்.

படி 5: உணவல்லாத பயன்கள்

பிரம்பு இங்கே மிக முக்கியம். யிடிஞ் மொழியில் ஒரு வகைப் பிரம்பின் பெயர் ‘யபுலம்’. நம் ஊர்ப் பிரம்பும் இதுவும் ஒரே கேலமஸ் பேரினம். முள்ளுறையை உரித்து, தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டால் வளையும் நார் கிடைக்கும். காய்ந்துவிட்டால் வளைக்கும்போது முறியும், எனவே ஈரம் போகாமல் வைத்துக்கொண்டே பின்ன வேண்டும். கனம் ஒன்றுபோல இல்லாத நாரால் பின்னினால் கூடையின் வளைவு ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும்.

இந்த நாரில் பின்னுவதுதான் ‘ஜவுன்’. அடிப்பகுதி இருபுறமும் கொம்புபோல நீண்டு கூம்பியிருக்கும் கூடை. இந்த வடிவம் இந்த மழைக்காட்டுக்கே உரியது. நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் தொங்கவிட்டுச் சுமப்பார்கள். உணவு, குழந்தை எல்லாம் அதில் போகும். நெருக்கமாகப் பின்னியது ஓடையில் சீவல் ஊறவைக்கவும் உதவும், நீர் புகும், சீவல் வெளியே போகாது. மிரஞ் என்ற சொல்லைக் கற்ற கையோடு ஜவுன் என்பதையும் கற்கச் சொல்வது இதனால்தான். பிரம்பு குடிசைச் சட்டத்துக்கும் மரமேறும் வளையத்துக்கும் பயன்பட்டது. குடிசைக்குப் பெயர் ‘மிஜ’. விசிறிப்பனை ஓலை கூரையாகும்.

நெருப்புக் கருவி இரண்டு துண்டு: துளையுள்ள அடிக்கட்டை ‘பகு’, கடையும் கோல் ‘ஜிமன்’. பகு பொதுவாக ஆல்ஸ்டோனியா ஸ்காலரிஸ் மரத்தில் செய்யப்பட்டது. ஆம், நம் ஏழிலைப்பாலையேதான், அதே இனம். ஜிமன் காட்டுக் கொய்யாக் குச்சி. மழைக்காட்டில் ஈரமே பெரும் எதிரி. கருவி நனைந்தால் மணிக்கணக்கில் கடைந்தாலும் பயனில்லை. அதனால் அதை உலர்வாகக் காப்பது பொறுப்பான வேலையாக இருந்தது. இன்று கார்ட்வெல்லில் உள்ள கிரிங்குன் கலை மையத்தின் கலைஞர்கள் பகு உருவங்களைச் சுட்டமண்ணிலும் செய்கிறார்கள். ஜவுன் பின்னலும் அங்கே உயிரோடு இருக்கிறது.

மீன் மயக்கத்துக்கு நுரைப்பட்டை மரமும் பாரிங்டோனியா இன மரங்களும். பட்டையை நசுக்கித் தேங்கிய மடுவில் கலக்கினால் சாப்போனின் நுரைத்து மீனின் செவுளைத் தாக்கும், மீன் மேலே மிதக்கும். ஓடும் நீரில் பலிக்காது, கரைந்து போய்விடும். மிரஞ்சுக்குத் தேவையான நீர் இதற்கு ஆகாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தி இன மரங்களின் பலகைவேர் கேடயத்துக்கு, பட்டையைத் தட்டிப் பரப்பினால் போர்வைக்கு.

படி 6: ஜல்ஙுய் என்ற மறுசொல்லை மறக்காதீர்கள்

அன்றாடப் பேச்சு ‘குவல்’. மாமியார் போல, மரபுப்படி விலகி நடக்க வேண்டிய உறவினர் காதுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் ‘ஜல்ஙுய்’ பேச வேண்டியிருந்தது. ஒலியும் இலக்கணமும் ஏறக்குறைய அப்படியே இருக்க, சொற்கள் ஏறத்தாழ முழுவதும் வேறு. குவலைவிட ஜல்ஙுயில் சொற்கள் மிகக் குறைவு. குவலில் தனித்தனிப் பெயர் கொண்ட பல இனங்களை ஜல்ஙுயில் ஒரே சொல் சுட்டும். 1930 வாக்கில் இந்தப் பேச்சு வழக்கொழிந்தது. பழைய பதிவுகளில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் ஜல்ஙுய் என்ற குறிப்பு இருந்தால் அதைத் தனி இனத்தின் பெயராக எழுதாதீர்கள். எந்தெந்த அன்றாடச் சொற்களுக்கு அது ஈடு என்று பார்த்தால், அந்த மக்கள் எவற்றை ஓரினமாக எண்ணினார்கள் என்பது தெரியவரும். தாவர வகைப்பாடு பயில்வோருக்கு இது பெரிய கொடை.

படி 7: குறிப்பேட்டுப் பதிவு

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வகைச்சொல்லோடு பெயர், கிளைமொழி, ஜல்ஙுய் ஈடு இருந்தால் அது, தாவரவியல் பெயர், பயன்படும் பகுதி, பருவம், சேரும் வினைகள், தொடர்புள்ள கருவி, யார் எப்போது சொன்னது, வெளியிடலாமா என்பது. கடைசி இரண்டும் இல்லாத பதிவு பாதிப் பதிவு.

தாவரவியல் பெயரில் இருமுறை பாருங்கள். குடியேறிய ஆங்கிலேயர் வைத்த ‘பிளம்’, ‘வால்நட்’, ‘பைன்’ எல்லாம் தொடர்பில்லாத மரங்களுக்கு ஒட்டிய பெயர்கள். மில்க்கி பைன் என்று அவர்கள் சொல்வது ஏழிலைப்பாலை, அது பைனே அல்ல. தாவரவியல் பெயர்களும் மாறும். நீலப்பழம் தரும் குவாண்டாங், நம் உருத்திராட்ச மரத்துக்கு மிக நெருங்கியது, எலியோகார்பஸ் கிராண்டிஸ் என்றும் எலியோகார்பஸ் ஆங்குஸ்டிஃபோலியஸ் என்றும் நூல்களில் வரும். பழைய பெயரை அடிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

படி 8: சரிபார்ப்பும் அனுமதியும்

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் பழங்குடி ஆய்வு நிறுவனமான ஐயாட்சிஸ் நடத்தும் ஆஸ்ட்லாங் தரவுத்தளத்தில் மொழிப்பெயர், கிளைகள், கிடைக்கும் பதிவுகள் ஆகியவற்றைத் தேடலாம். ஒலிப்பதிவு கிடைத்தால் எழுத்தைவிட அதையே நம்புங்கள்.

சில பதிவுகள் பூட்டப்பட்டிருக்கும், சிலவற்றுக்குக் குழுவினரின் ஒப்புதல் வேண்டும். இந்தத் தடைக்குக் காரணம் உண்டு. காஸ்டனோஸ்பெர்மினிலிருந்து உருவாக்கிய செல்கோசிவிர் என்ற மருந்து டெங்கு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. காட்டு விதை ஒன்றைப் பற்றிய அறிவுக்கு வெளியே சந்தை இருக்கிறது. அந்த அறிவு யாருடையது என்ற கேள்வியை அதன் உரிமையாளர்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. மருத்துவப் பயன், சடங்கு தொடர்பான சொற்களை அனுமதியின்றி இணையத்தில் ஏற்ற வேண்டாம். இறந்தவர் பெயரையோ படத்தையோ சேர்ப்பதற்கு முன்னும் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். அனுமதி பெற்று வெளியிடும்போது கிளைமொழிப் பெயரையும் சொல் தந்த குழுவின் பெயரையும் சொல்லுக்கு அருகிலேயே அச்சிடுங்கள். பக்கத்தின் அடியில் தள்ளினால், அடுத்தவர் நகலெடுக்கும்போது சொல் மட்டும் போய், பெயர் இங்கேயே தங்கிவிடும்.